ப்ளே ஸ்கூலில் அலர்ஜி முற்றினால்: ஆயாம்மா வரை எல்லோருக்கும் பயிற்சி

அலர்ஜி பயிற்சி என்றால் பிரின்சிபாலும் இரண்டு டீச்சர்களும் ஒரு வீடியோ பார்ப்பதோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் சாப்பாடு ஊட்டி, வாய் துடைத்து, தூங்கவைப்பது ஆயாம்மாக்கள். அதனால் அவர்களிடமிருந்து தொடங்குங்கள், வேன் டிரைவரையும் விட்டுவிடாதீர்கள்.

உடம்பெல்லாம் தடித்தால்தான் அலர்ஜி என்ற நினைப்பை முதலில் உடைக்க வேண்டும். தோலில் ஒன்றுமே தெரியாமலும் முற்றும். கடலை மிட்டாயோ, யாரோ பிறந்தநாளுக்குக் கொண்டுவந்த முந்திரி கேக்கோ தின்ற கொஞ்ச நேரத்தில் திரும்பத் திரும்ப வாந்தி, கம்மிய குரல், விடாத இருமல், வீசிங் சத்தம், எச்சில் ஒழுகுவது, ஓடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று துவண்டு போவது, இதெல்லாம் ஆபத்து. மூன்று வயதுப் பிள்ளைக்கு மூச்சுத் திணறுகிறது என்று சொல்லத் தெரியாது. நாக்கைச் சுரண்டும், "தொண்டைல முள்ளு" என்று அழும்.

அப்போது கொடுக்க வேண்டிய மருந்து அட்ரினலின் மட்டும்தான். செட்டிரிசின் சிரப் அரிப்பைக் குறைக்கும், அடைத்த மூச்சுக்குழாயைத் திறக்காது. சிரப் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் பெரிய வினை.

எபிபென் போன்ற, அழுத்தினால் அட்ரினலினைத் தானே செலுத்தும் பேனா வடிவ ஊசி நம் ஊர் மருந்துக்கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. பெற்றோர் எப்படியோ வரவழைத்துக் கொடுத்தால், டாக்டர் எழுதிய குறிப்பையும் பெற்றோரின் கையெழுத்தையும் சேர்த்தே வாங்குங்கள். ஊசியில்லாத பயிற்சிப் பேனாவில் எல்லோரும் பழகட்டும். எபிபென் என்றால்: நீல மூடியை இழு, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்க நடுவில் 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்து, மூன்று எண்ணும்வரை எடுக்காதே. டிரவுசருக்கு மேலேயே போடலாம். குழந்தை உதைத்தால் ஊசி தொடையைக் கிழித்துவிடும், அதனால் இன்னொருவர் காலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இதை வாயால் சொன்னால் போதாது, பொம்மையை மடியில் போட்டுச் செய்து பார்க்க வேண்டும்.

பேனா இல்லையா? அட்ரினலின் உடனே போடும் பக்கத்து மருத்துவமனை எது என்று இன்றைக்கே நேரில் போய்க் கேட்டு வையுங்கள்.

போன் முதலில் 108-க்கு, அம்மாவுக்கு அப்புறம். 2017-இல் நியூயார்க்கில் பால் அலர்ஜி உள்ள மூன்று வயதுப் பையனுக்குக் காப்பகத்தில் சீஸ் சாண்ட்விச் கொடுத்துவிட்டு, ஆம்புலன்ஸுக்கு முன்னால் அம்மாவை அழைத்தார்கள். அவன் பிழைக்கவில்லை. 2019-இல் அவன் பெயரிலேயே, எலைஜா சட்டம் என்று, அங்கே காப்பகங்களுக்கு விதி வந்தது.

குழந்தையைத் தூக்கி நிறுத்தவோ நடத்தவோ கூடாது. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்காரவையுங்கள், வாந்தி என்றால் ஒருக்களிக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால், டாக்டர் குறிப்பில் இருந்தால், இரண்டாவது ஊசி. தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து அலர்ஜி மறுபடி தாக்கலாம். ஊசி போட்ட நேரத்தை எழுதி, காலிப் பேனாவோடு கொடுத்தனுப்புங்கள்.

பேனா ஃப்ரிட்ஜிலும் வேண்டாம், வெயிலில் நிற்கும் வேனிலும் வேண்டாம். பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தேடவும் வேண்டாம்.