டி.ஓ.ஏ. வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டி.ஓ.ஏ. என்பது கனடாவின் வான்கூவரில் 1978-இல் தொடங்கிய ஹார்ட்கோர் பங்க் (வேகமும் ஆவேசமும் கூடிய ராக் இசை) குழு. மருத்துவமனைக்குக் கொண்டுவரும்போதே உயிர் போயிருந்தது என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்தான் பெயர். இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பாட்டின் வேகத்தையும், ஜோயி ஷிட்ஹெட் என்று பெயர் வைத்துக்கொண்ட பாடகர் ஜோ கீத்லியின் முரட்டுத் தோற்றத்தையும் சொல்லிவிட்டு, ஊரை மறந்துவிடுகிறார்கள். வான்கூவரில் அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று தெரியாமல் இந்தக் குழுவைப் புரிந்துகொள்ள முடியாது. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் சின்னது. "ஹார்ட்கோரைக் கண்டுபிடித்தவர்கள்" என்று எழுதாதீர்கள். 1981-இல் வந்த இவர்களுடைய 'ஹார்ட்கோர் '81' ஆல்பம் அந்தச் சொல்லைப் பரப்பியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வேகமும் அந்த ஆவேசமும் அதற்கு முன்பே கலிபோர்னியாவில் இருந்தன. பிளாக் ஃபிளாக் குழுவின் முதல் தட்டு 1979-லேயே வந்துவிட்டது. பெயர் பரவக் காரணமாக இருந்ததே பெரிய விஷயம், அதற்கு மேல் ஏற்றிச் சொல்லத் தேவையில்லை. அதே மாதிரி, சான் பிரான்சிஸ்கோவின் ஆல்டர்னேட்டிவ் டென்டக்கிள்ஸ் நிறுவனம் இவர்களுடைய தட்டுகளை வெளியிட்டதால் இவர்களை அமெரிக்கக் குழு என்று நினைப்பவர்களும் உண்டு. முதல் தட்டு 1978-லேயே சடன் டெத் என்ற இவர்களுடைய சொந்த லேபிளில் வந்தது.

அடுத்தது கொஞ்சம் ஆபத்தான தவறு. டி.ஓ.ஏ. குண்டு வைத்த குழு என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். நடந்தது வேறு. 'டைரக்ட் ஆக்‌ஷன்' என்று தங்களை அழைத்துக்கொண்ட சிலர் 1982 மே மாதம் வான்கூவர் தீவில் ஒரு துணைமின்நிலையத்தைத் தகர்த்தார்கள். அக்டோபரில், அமெரிக்காவின் குரூஸ் ஏவுகணைக்கு வழிகாட்டும் கருவி செய்த லிட்டன் ஆலையில், டொராண்டோ அருகே குண்டு வெடித்தது. பத்துப் பேர் காயமடைந்தார்கள். 1983 ஜனவரியில் ஸ்குவாமிஷ் ஊருக்கு அருகே ஐந்து பேர் கைதானதால் 'ஸ்குவாமிஷ் ஐவர்' என்ற பெயர் வந்தது. அந்த ஐவரில் ஒருவர் ஜெரி ஹன்னா. அவர் சப்ஹியூமன்ஸ் என்ற இன்னொரு வான்கூவர் பங்க் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர். டி.ஓ.ஏ.யில் இருந்தவர் அல்ல.

குழப்பம் எப்படி வருகிறது என்பதும் தெரிகிறது. சப்ஹியூமன்ஸில் பாடிய பிரையன் கோபிள் 1982-இல் டி.ஓ.ஏ.க்கு வந்துவிட்டார். ஐவரின் வழக்குச் செலவுக்காக டி.ஓ.ஏ. 1983-இல் ஒரு தட்டு வெளியிட்டது, அதில் ஹன்னா எழுதிய பாடலும் இருந்தது. நண்பனின் வழக்குக்குப் பணம் திரட்டுவது ஒன்று, குண்டு வைப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே வரியில் கலந்து எழுதினால் இரு தரப்புக்கும் அநியாயம். ஹன்னாவுக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; அதில் ஐந்தாண்டு உள்ளே இருந்தார். இன்னொன்றும் கவனியுங்கள்: இங்கிலாந்திலும் சப்ஹியூமன்ஸ் என்ற பெயரில் வேறொரு குழு உண்டு. படம் போடுவதற்கு முன் எந்த நாட்டுக் குழு என்று பார்த்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, டி.ஓ.ஏ.யின் 'ஜெனரல் ஸ்டிரைக்' (பொது வேலைநிறுத்தம்) பாடலைப் பொதுவான புரட்சிப் பாட்டு என்று ஒரே வரியில் கடந்துபோவது. 1983 ஜூலையில், வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், முதல்வர் பில் பென்னட்டின் அரசு பட்ஜெட்டோடு 26 மசோதாக்களைக் கொண்டுவந்தது. காரணம் சொல்லாமல் அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கலாம், வீட்டு வாடகைக்கு இருந்த கட்டுப்பாடு போகும், மனித உரிமை ஆணையம் கலைக்கப்படும். தொழிற்சங்கங்களும் குடியிருப்போர் அமைப்புகளும் சேர்ந்து எழுந்தன. வான்கூவர் தெருக்களில் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். நவம்பரில் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், ஆசிரியர்கள் பின்தொடர்ந்தார்கள். மாகாணமே ஸ்தம்பிக்கப் போகிறது என்று எல்லோரும் காத்திருந்தபோது, நவம்பர் 13 அன்று கெலோனாவில் பென்னட்டின் வீட்டிலேயே மரத்தொழிலாளர் சங்கத் தலைவர் ஜாக் மன்ரோ வாய்மொழி உடன்பாடு செய்துகொண்டார். பொது வேலைநிறுத்தம் வரவேயில்லை. அந்த ஆண்டில், அந்தத் தெருவுக்காக வந்த பாட்டு இது. தேதியை எடுத்துவிட்டால் வெறும் கோஷம்தான் மிஞ்சும்.

குழுவின் முழக்கத்தைத் தமிழில் சொல்லும்போதும் கவனம் தேவை. "பேச்சு – செயல் = 0" என்பது அது. செயல் இல்லாத பேச்சு பூஜ்ஜியம் என்பதுதான் அவர்கள் சொல்லவந்தது. கணக்காக வாசித்தால் பேச்சும் செயலும் சமம் என்றும் வருகிறது, அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் குறியைச் சாதாரண கோடு என்று நினைத்து "பேச்சும் செயலும் வீண்" என்று எழுதினால் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

அப்புறம், உறுப்பினர்கள். குழு 1990-இல் கலைந்தது, 1992-இல் திரும்பியது; 2013-இல் விடைபெற்றது, அடுத்த ஆண்டே மறுபடி வந்தது. எந்த ஆண்டில் நிறுத்தினாலும் வரலாறு தவறாகும். பழைய டிரம்மர் சக் பிஸ்கட்ஸ் இறந்துவிட்டதாக 2009-இல் பரவிய செய்தி பொய். உண்மையில் இழந்தவர்கள் வேறு: 1995-இல் வீட்டுத் தீயில் கென் ஜென்சன், 2014-இல் டேவ் கிரெக்கும் பிரையன் கோபிளும், 2018-இல் ரேண்டி ராம்பேஜ். இந்தப் பெயர்களை மாற்றிப் போடாதீர்கள்.

கடைசியாக, கீத்லி "வயதான பிறகு அரசியல்வாதி ஆனார்" என்ற கதை. 2018-இல் வான்கூவரை ஒட்டிய பர்னபி நகர்மன்றத்துக்குப் பசுமைக் கட்சி சார்பில் தேர்வானார், 2022-இல் மறுபடி வென்றார். ஆனால் 2001-லேயே மாகாணத் தேர்தலில் அதே பசுமைக் கட்சிக்காக நின்றிருக்கிறார். அவர் வளர்ந்த ஊரும் பர்னபிதான். நகர்மன்ற உறுப்பினரான பிறகும் டி.ஓ.ஏ. மேடையேறியது.