தத்தெடுக்க ஹோம் ஸ்டடி: வீட்டைத் துடைக்கும் முன் ஜிபி பதிவேட்டைப் படியுங்கள்

இங்கிலாந்தில் தத்தெடுக்க விண்ணப்பிக்கும் நம்மவர்கள், தகுதியை மதிப்பிட (ஹோம் ஸ்டடி) சோஷியல் வொர்க்கர் வரும் தேதி தெரிந்ததும் வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிடுகிறார்கள். பெண் பார்க்க வரும் நாள் போல சோபா உறை மாறுகிறது, கேசரி கிளறுகிறார்கள். தரை பளபளப்பதை அவர் குறித்துக்கொள்ளப் போவதில்லை. அவர் பல முறை வருவார், வந்தால் மணிக்கணக்கில் பேச்சுதான். கணவன் மனைவியைத் தனித்தனியாகவும் உட்கார வைத்துப் பேசுவார். விண்ணப்பம் கவிழ்வது அந்தப் பேச்சில்தான், குறிப்பாக நாம் மறைத்த ஏதோ ஒன்றினால்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 21 ஆகியிருக்க வேண்டும். தம்பதியில் ஒருவருக்காவது இந்த நாட்டில் நிலையான வீடு வேண்டும், அல்லது இருவருமே ஓராண்டாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமை கட்டாயமில்லை. ஆனால் விசா எவ்வளவு நாள் நிற்கும் என்பதைத் தத்தெடுப்பு ஏஜென்சி பார்க்கும். முதல் கட்டத்துக்கு இரண்டு மாதம்: டிபிஎஸ் எனும் குற்றப் பின்னணிச் சோதனை, உடல் பரிசோதனை, சான்று சொல்லும் மூன்று பேர், பயிற்சி வகுப்பு. அந்த மூவரில் ஒருவர்தான் உறவினராக இருக்கலாம். இரண்டாம் கட்டத்துக்கு நான்கு மாதம், ஹோம் ஸ்டடி என்று நாம் சொல்வது இதைத்தான். இரண்டு கட்டங்களுக்கும் நடுவே ஆறு மாதம் வரை இடைவெளி எடுத்துக்கொள்ளலாம். முன்பு சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்த்திருந்தால் அந்த நாட்டுப் போலீஸ் சான்றும் கேட்பார்கள். அது வந்து சேர நாளாகும் என்பதால் முதலில் அதற்கு எழுதிப் போடுங்கள்.

இனி ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர் விஷயம். "உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லை" என்று நீங்கள் சொல்லிவிடலாம். மருத்துவப் படிவத்தை நிரப்புபவர் உங்கள் ஜிபி, அதுவும் பதிவேட்டைப் பார்த்து நிரப்புவார். ஐவிஎஃப் (சோதனைக் குழாய்க் குழந்தைச் சிகிச்சை) தோற்ற பிறகு தூக்கம் வராமல் போனது, அழுதுகொண்டே டாக்டரிடம் போனது, மூன்று மாதம் செர்ட்ரலின் என்ற மன அழுத்த மாத்திரை சாப்பிட்டது எல்லாம் தேதியோடும் மருந்தின் அளவோடும் அதில் இருக்கும். அந்தப் படிவம் ஏஜென்சியின் மருத்துவ ஆலோசகரிடம் போகும். மன அழுத்தத்துக்கு மருந்து சாப்பிட்டதற்காக மட்டும் யாரையும் நிராகரிப்பதில்லை. நீங்கள் சொன்னதும் பதிவேட்டில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால்தான் சிக்கல். நாளைக்குக் குழந்தைக்கு ஒரு கஷ்டம் வந்தால் இவர்கள் எங்களிடம் வந்து சொல்வார்களா என்ற சந்தேகம் எழுந்துவிட்டால் பிறகு அதைத் துடைப்பது மிகக் கடினம்.

அதனால் விண்ணப்பம் போடும் முன்பே உங்கள் பதிவேட்டைப் பாருங்கள். அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் செயலியில் ஒரு பகுதி தெரியும். முழுப் பிரதியை ஜிபியிடம் எழுதிக் கேட்டால் ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். அதைப் படித்துவிட்டு ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது வந்தது, எதனால், என்ன சிகிச்சை, யார் துணை நின்றார்கள், இப்போது எப்படி. குழந்தைப்பேறு சிகிச்சையை நிறுத்தி எத்தனை மாதம் ஆயிற்று என்பதையும் எழுதுங்கள். பல ஏஜென்சிகள் ஆறு மாதமாவது போகட்டும் என்பார்கள். அந்த இழப்பை இருவரும் எப்படித் தாங்கினீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். அப்போது அழுகை வந்தால் வரட்டும், அதை யாரும் குறையாக எழுத மாட்டார்கள்.

மறைக்கத் தோன்றும் மற்றவையும் இதே வகைதான்: முதல் திருமணம், கிரெடிட் கார்டு பாக்கி, ஊருக்கு மாதாமாதம் அனுப்பும் பணம், சீட்டுக் கட்டுவது, சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் போலீஸைக் கூப்பிட்ட ஒரு நாள், வேறொரு ஏஜென்சி ஏற்கெனவே மறுத்தது. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அப்பா அம்மாவையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வீட்டில் வசிக்கும் 18 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் சோதனை உண்டு, அறையைப் பகிர்ந்துகொள்ளும் கொழுந்தனாருக்கும் சேர்த்து. "அதையெல்லாம் எதற்குச் சொல்கிறாய்" என்று புத்தி சொல்லும் சொந்தக்காரர்கள்மீது எனக்கு ஆத்திரமே வருகிறது. அவர்கள் பேச்சைக் கேட்டால் ஏமாற்றம் உங்களுக்குத்தான்.

அடுத்த கேள்வி உங்களை எப்படி வளர்த்தார்கள் என்பது. "நல்லா வளர்த்தாங்க" என்று முடித்துக்கொள்ளாதீர்கள். அடியாத மாடு பணியாது என்றே வளர்ந்தவர்கள் நாம், முட்டிபோட்டு நின்றதும் ஸ்கேலால் வாங்கியதும் நம்மில் பலருக்கு உண்டு. அதை அப்படியே சொல்லலாம். அன்று மனதில் என்ன பட்டது, உங்கள் குழந்தையிடம் என்ன செய்வீர்கள் என்பதைத்தான் சோஷியல் வொர்க்கர் எதிர்பார்க்கிறார். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் குழந்தையை அடிப்பது சட்டப்படியே குற்றம். இங்கிலாந்தில் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை என்றாலும் தத்தெடுப்பவர் அடிக்கக் கூடாது என்பதில் ஏஜென்சிகள் உறுதியாக இருக்கின்றன. "லேசா ஒரு தட்டு" என்பதும் அடியாகத்தான் எழுதப்படும். மூன்று வயதுப் பிள்ளை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று இருவரும் முன்பே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் போல, பெற்றவர் யாரென்றே தெரியாத பச்சிளம் குழந்தையை நினைத்துக்கொண்டு வர வேண்டாம். இங்கே தத்துக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் புறக்கணிப்பினாலோ வன்முறையினாலோ கோர்ட் தலையிட்டுப் பிரித்தெடுத்தவர்கள். பெற்றவர் யாரென்று தெரியும், பலருக்கு வருடத்துக்கு ஒருமுறை ஏஜென்சி வழியாகக் கடிதப் போக்குவரத்து இருக்கும். பிள்ளையின் பிறப்புக் கதையை விளக்கும் புத்தகமும் கையில் தருவார்கள். "பிள்ளைக்குத் தெரியாமல் வளர்ப்போம்" என்று தப்பித்தவறிச் சொன்னாலும் அங்கேயே பெரிய கேள்வி எழும். பாட்டி தாத்தாவுக்கும் இதை முன்கூட்டியே புரியவையுங்கள், சோஷியல் வொர்க்கர் அவர்களிடமும் பேசக்கூடும்.

வீட்டுச் சோதனைக்கு ஒரு மணி நேர வேலைதான். ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம், பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம், ஜன்னல் பூட்டு, குழந்தைக்குத் தனி அறை. பூஜையறைக் குத்துவிளக்கு தரையில் இருந்தால் எட்டாத உயரத்தில் மேடை போடுங்கள். மாத்திரைகள் ஃப்ரிட்ஜ் கதவிலும் அம்மாவின் கைப்பையிலும் கிடக்கும், எல்லாவற்றையும் பூட்டும் பெட்டியில் வையுங்கள்.

அக்கா பிள்ளையைத் தத்துப் பத்திரம் எழுதிக் கூட்டி வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மதிப்பீடு முடிக்காமல் தத்துக்காகக் குழந்தையை அழைத்து வருவது 2002-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு, குழந்தைகள் சட்டத்தின் 83-ஆம் பிரிவில் குற்றம், 12 மாதம் வரை சிறைக்குப் போக நேரலாம். சொந்தக்காரர் பிள்ளையே ஆனாலும் விலக்கு இல்லை. வெளிநாட்டுத் தத்துக்கான மதிப்பீட்டுக்குப் பல ஆயிரம் பவுண்ட் கட்டணம் உண்டு. உள்நாட்டுத் தத்துக்கு அது இலவசம்.

முடிவில் உங்களைப் பற்றிய அறிக்கையின் பிரதி கைக்கு வரும். கருத்துச் சொல்ல ஐந்து வேலை நாள்தான். ஊர்ப் பெயர், இனிஷியல், தேதிகள், யார் பெரியப்பா யார் சித்தப்பா என்று வரிவரியாகப் பார்த்து, தவறு இருந்தால் எழுத்தில் திருத்தம் அனுப்புங்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பேனலில் உட்காருபவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் பேசுவார்கள். இரண்டாம் கட்டத்துக்குப் பிறகு மறுப்புக் கடிதம் வந்தால் 40 வேலை நாட்களுக்குள் ஏஜென்சிக்கே பதில் எழுதலாம், அல்லது சுயேச்சையான மறுஆய்வுக் குழுவுக்குப் போகலாம். கடிதத்தில் உள்ள தேதியிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்.