ஒப்படர்த்தி அளக்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஒரு பொருள் நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தியானது என்பதுதான் ஒப்படர்த்தி. அதை அளக்க உதவும், மூடியில் நுண்துளையுள்ள சிறு கண்ணாடிக் குப்பியான ஒப்படர்த்திக் குப்பியை வைத்துச் செய்த சோதனையில் விடை தவறினால், பலரும் முதலில் தராசைத்தான் சந்தேகிக்கிறார்கள். தராசு பெரும்பாலும் சரியாகத்தான் காட்டும். குப்பிக்குள் எவ்வளவு திரவம், எந்த வெப்பநிலையில் இருந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது. குப்பியை வெறுமையாகவும், நீர் நிரப்பியும், திரவம் நிரப்பியும் எடை போடுகிறோம். திரவத்தின் நிறையை அதே பருமனுள்ள நீரின் நிறையால் வகுக்கிறோம். அந்த 'அதே பருமன்' கெடும்போது விடையும் கெடுகிறது.

20 டிகிரி செல்சியசில் எத்தனாலின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.789 கிராம். 25 டிகிரியில் அது 0.785 ஆகிவிடும். நீரோ அதே ஐந்து டிகிரியில் 0.9982-லிருந்து 0.9970-க்குத்தான் இறங்கும். அதனால் இரண்டையும் ஒரே அறையில்தானே அளந்தோம், வகுத்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. சுவரில் தொங்கும் வெப்பமானி அறையின் வெப்பத்தைத்தான் காட்டும். நிரப்பிய குப்பியை நீர்த்தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்தி, உள்ளே வெப்பம் நிலைபெறும்வரை காத்திருங்கள். வெளியே எடுக்கும்போது கழுத்தைப் பிடியுங்கள். வயிற்றைப் பிடித்தால் கைச்சூட்டில் திரவம் விரிந்து மூடியின் துளை வழியே வழிந்துவிடும்.

அந்த நுண்துளையில் நடக்கும் தவறைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தொட்டியில் இருக்கும்போதே துளையின் உச்சிவரை திரவம் நிற்கிறதா என்று பார்த்து, மேலே மிஞ்சிய துளியைத் துடைத்துவிட வேண்டும். அப்போது தாளின் முனையைத் துளைமேல் அழுத்தினால், தாள் உள்ளே இருப்பதையும் உறிஞ்சிவிடும். பக்கவாட்டில் லேசாக ஒற்றி எடுத்தால் போதும். அப்புறம் வெளியே எடுத்த குப்பி குளிர்ந்து, துளையில் மட்டம் இறங்கினால் திரும்ப நிரப்பாதீர்கள். பருமன் தொட்டியிலேயே தீர்மானமாகிவிட்டது, நிறை மாறவில்லை.

காற்றுக்குமிழியும் சின்ன விஷயமல்ல. 25 மில்லிலிட்டர் குப்பியில் 0.1 மில்லிலிட்டர் குமிழி இருந்தால் 0.4 சதவீதப் பிழை. நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு எடுத்தால் கரைந்த காற்று போய்விடும். குப்பியைச் சாய்த்து, சுவரோடு மெதுவாக ஊற்றுங்கள்.

திரவம் மாற்றும்போது பழையது ஒட்டியிருக்கக் கூடாது. அசிட்டோனால் அலசி, உலர்ந்த காற்றைச் செலுத்துங்கள். சூடான அடுப்பில் வைத்து உலர்த்தினால் அளவு குறிக்கப்பட்ட கண்ணாடியின் பருமன் மாறக்கூடும். எத்தனால், அசிட்டோன் போன்றவை துளை வழியே ஆவியாகிக்கொண்டே இருப்பதால், தராசில் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் சட்டென எடை போட வேண்டும்.

தூளாக உள்ள பொருளுக்கு வேறு தொல்லை. சர்க்கரை, உப்பு போன்றவை நீரில் கரையும். மண்ணெண்ணெய் போன்று அதைக் கரைக்காத திரவத்தில் அளந்து, வரும் விடையை அத்திரவத்தின் ஒப்படர்த்தியால் பெருக்க வேண்டும். இந்தப் பெருக்கலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தூளுக்கிடையே சிக்கிய காற்றையும் தட்டியோ வெற்றிடத்தில் வைத்தோ வெளியேற்ற வேண்டும்.

விடை எழுதும்போது இரண்டு வெப்பநிலைகளையும் குறியுங்கள். 20 டிகிரி எத்தனாலை 20 டிகிரி நீரோடு ஒப்பிட்டால் 0.791, 4 டிகிரி நீரோடு ஒப்பிட்டால் 0.789. ஒப்படர்த்தி ஒரு விகிதம், அதற்கு அலகு கிடையாது.