தமிழ் உச்சரிப்பை நியூரல் நெட்வொர்க்குக்குக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்தைக் கொடுத்தால் உச்சரிப்பைத் தரும் நியூரல் நெட்வொர்க் மாதிரி (மாடல்) சோதனையில் 98 சதவீதம் வாங்கினாலும், அது ஒலி விதியைக் கற்றுக்கொண்டது என்று நம்பிவிடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் தரவில்தான் ஒளிந்திருக்கும்.

முதல் சறுக்கல் யூனிகோடில், அதாவது எழுத்துகளைக் கணினி சேமிக்கும் குறியீட்டு முறையில். ‘பந்து’ என்பதில் ப, ந, புள்ளி, த, உகரக் குறி என 5 குறியீடுகள். ஒலிகளும் ப், அ, ந், த், உ என 5தான். எண்ணிக்கை ஒத்துப்போவதால் ஒன்றுக்கொன்று பொருத்திவிடத் தோன்றும். பொருத்தினால் ‘ந’வுக்கு எதிரே அகரம், புள்ளிக்கு எதிரே ந் வந்து நிற்கும். உயிர்மெய்யை முதலில் மெய்யும் உயிருமாகப் பிரித்துவிடுங்கள். அதற்கும் முன்னால் யூனிகோடின் என்எஃப்சி முறையில் (ஒரே எழுத்து எங்கும் ஒரே குறியீட்டு வடிவில் இருக்கச் செய்வது) சீராக்குங்கள். ‘கொ’வின் துணைக்குறி சில கோப்புகளில் ஒரே குறியீடாகவும் சிலவற்றில் இரண்டாகவும் இருக்கும்.

இரண்டாவது, சொற்களைக் குலுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிப்பது. ‘மரத்தை’ பயிற்சியிலும் ‘மரத்தில்’ சோதனையிலும் இருந்தால் நெட்வொர்க்குக்கு மனப்பாடமே போதும். வேர்ச்சொல் வாரியாகப் பிரியுங்கள்.

தமிழில் உண்மையான சிக்கல் சொல்லின் முதலெழுத்தில் இருக்கிறது. சொல்லின் நடுவே விதி தெளிவு: வல்லினம் இரட்டித்தால் ஒலிப்பிலா ஒலி (ஆங்கில p போல), மெல்லினத்துக்குப் பின் ஒலிப்புடைய ஒலி (ஆங்கில b போல). முதலில் வரும்போதோ ‘பயன்’ ஒரு விதம், ‘பயம்’ இன்னொரு விதம். ‘குடம்’, ‘குணம்’ அப்படியே. ‘பாவம்’ என்ற எழுத்துக்கூட்டு நடனத்தில் ஒரு ஒலி, புண்ணியத்துக்கு எதிராக வரும்போது வேறொரு ஒலி. தனிச்சொல்லாகக் கொடுத்தால் யாராலும் தீர்மானிக்க முடியாது. விடைப்பட்டியலில் இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். முதலெழுத்துக்கும் இடையெழுத்துக்கும் மதிப்பெண்ணைத் தனித்தனியே போடுங்கள். சேர்த்துப் போட்டால் எளிதான இடங்கள் கடினமானவற்றை மறைத்துவிடும்.

விதியைச் சோதிக்க இல்லாத சொற்கள் வேண்டும்: நூப்பல், நூம்பல், நூபல். முதலாவதில் மட்டும் ஒலிப்பிலா ப் வர வேண்டும். ‘தே’யில் தொடங்கும் பொய்ச்சொல் இதற்கு ஆகாது. தேவன், தேசம், தேகம் போன்ற வடசொற்கள் ஒலிப்புடைய த் பக்கம் இழுத்துவிடும். வடமொழியில் குறில் எகரமும் ஒகரமும் இல்லாததால் ‘தெ’, ‘தொ’ அந்த இழுப்புக்கு ஆட்படுவது குறைவு.

ஒரே ஒரு ரேண்டம் சீடை (பயிற்சியின் தற்செயல் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் எண்) வைத்து முடிவு எழுதாதீர்கள். ஆங்கில இறந்தகால வினைகளில் 2018-இல் நல்ல முடிவு காட்டிய என்கோடர்-டிகோடர் மாதிரியை (உள்ளீட்டைப் படித்து விடையைப் படிப்படியாக உருவாக்கும் நெட்வொர்க்) 2019-இல் வேறு சீடுகளுடன் ஓட்டியபோது, பொய்ச்சொற்களுக்கான விடைகளின் தரவரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறியது. குறைந்தது 10 முறை ஓட்டி, சராசரியோடு மிகக் குறைந்ததையும் மிக உயர்ந்ததையும் சேர்த்தே வெளியிடுங்கள்.