மார்கன் வெள்ளி டாலர்: முதல் காசு வாங்குவதற்கு முன்

பழைய அமெரிக்க வெள்ளி டாலர் சேர்க்க ஆசை வந்துவிட்டதா? மார்கன் டாலரிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்கா 1794-லேயே வெள்ளி டாலர் அடிக்கத் தொடங்கிவிட்டது, ஆனால் அந்த முதல் வருடக் காசு நமக்கு எட்டாது. 2013-ல் ஒன்று 1 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. மார்கன் அப்படியில்லை. நெவாடா சுரங்கங்களில் வெள்ளி கொட்டிய காலம் அது, அரசாங்கமே மாதாமாதம் வெள்ளி வாங்கிக் காசாக அடிக்க வேண்டும் என்று 1878-ல் சட்டம் வந்தது, ஜார்ஜ் மார்கன் வடிவமைத்த டாலர் கோடிக்கணக்கில் வெளியானது. 1904-ல் நின்று, புழக்கத்துக்காக 1921-ல் மட்டும் மறுபடி அடித்தார்கள்.

இடையில் 1918-ல் பிட்மன் சட்டத்தின்படி 27 கோடி டாலர் காசுகளை உருக்கினார்கள். அதில் பெரும்பகுதி வெள்ளி போர்க்காலத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இந்தியாவுக்குத்தான் வந்தது. எந்தெந்த வருடத்துக் காசு எத்தனை உருகியது என்று கணக்கு வைக்கவில்லை, அதனால் நிறைய அடித்ததாகப் பதிவில் இருக்கிற காசுகூட இன்று அரிதாக இருக்கலாம்.

படி 1: காசைத் திருப்புங்கள். எல்லோரும் பெண் முகத்தையும் வருடத்தையும் பார்ப்பார்கள். விலையைத் தீர்மானிக்கும் இன்னொரு விஷயம் பின்பக்கம் இருக்கிறது. கழுகுக்குக் கீழே இலைவளையம், அதன் முடிச்சுக்கு அடியில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். காசை அடித்த ஊரைக் காட்டும் எழுத்து அங்கேதான் இருக்கும். எழுத்து இல்லையென்றால் பிலடெல்பியா, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, சிசி என்றால் கார்சன் சிட்டி, டி என்றால் 1921-ல் டென்வரில் அடித்தது. 1893 எஸ் வெறும் 1 லட்சம்தான் அடித்தார்கள். அதனாலேயே சாதாரண 1893 காசில் எஸ் எழுத்தை ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அந்தக் காசை, சோதனை நிறுவனம் அசல் என்று சான்று கொடுத்து மூடிய உறையில் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

படி 2: எடை போடுங்கள். 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. தேய்ந்த காசு கொஞ்சம் குறையும், சரி. ஆனால் தேயாமல் பளிச்சென்று இருக்கிற காசு 25 கிராம்கூட வரவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காந்தத்தில் ஒட்டினால் போலி, ஒட்டாததால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது.

படி 3: தேய்மானம். காதுக்கு மேலே உள்ள முடி, கழுகின் மார்பு, இந்த இரண்டு இடமும்தான் முதலில் மழுங்கும். கன்னத்தில் சின்னச் சின்ன வெட்டுக்கள் தெரிந்தால் அது தேய்மானம் இல்லை. ஆயிரம் காசுகளை ஒரே பையில் போட்டுக் குலுக்கித் தூக்கிப் போனதில் ஒன்றோடு ஒன்று இடித்த தழும்பு.

படி 4: துலக்காதீர்கள். புளியும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம், துணியால் அழுத்தித் துடைக்கவும் வேண்டாம். பல வண்ணத்தில் படிந்த பழைய கறைக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், தேய்த்த கோடுகளுக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள். விளிம்பைப் பிடித்து எடுத்து, பிவிசி கலக்காத உறையில் வையுங்கள். பிவிசி நாளடைவில் காசில் பச்சையாகப் பிசுபிசுவென்று படியும்.

முதல் காசுக்கு 1921 பிலடெல்பியா போதும். 4 கோடிக்கு மேல் அடித்தது, எளிதாகக் கிடைக்கும், வெள்ளி விலையை ஒட்டியே இருக்கும்.