மலைக்குச் சன்ஸ்கிரீன் பூசுவது எப்படி: அபத்த நகைச்சுவை விளம்பரம் எழுதும் முறை

காட்பாடியில் அழகுப்பொருள் தயாரிக்கும் நண்பருக்காக அண்மையில் ஒரு சன்ஸ்கிரீன் விளம்பரம் எழுதினேன். அதில் கையாண்ட முறை இது. படம்பிடிப்பதும் பதிவேற்றுவதும் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில், பொருளைப் பற்றிய உண்மை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெயிலில் இருப்பவர் சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும் என்பதை நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்து, அந்த உண்மையைச் சற்றும் பொருந்தாத இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று வேலூரைச் சொல்வார்கள் அல்லவா? மரமில்லாத மலைக்கு நிழல் ஏது? ஆகவே ஒருவர் ஏணியும் சுண்ணாம்பு மட்டையுமாகக் கத்திரி வெயிலில் மலை முழுவதும் சன்ஸ்கிரீன் பூசுகிறார். உச்சியை முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் கடந்துவிடுவதால், பெருமூச்சுகூட விடாமல் இறங்கிவந்து அடிவாரத்திலிருந்து மறுபடியும் தொடங்குகிறார்.

பலர் தடுமாறுவது மூன்றாவது படியில்தான். கதை எவ்வளவு அபத்தமாகவும் இருக்கலாம். பொருள் செய்யும் வேலையைப் பற்றிய கூற்றில் அபத்தம் கலக்கக் கூடாது. மலைக்குத் தோல் கறுக்கும் என்று எவரும் நம்பப்போவதில்லை. ஆனால் ‘ஏழே நாளில் சிவப்பழகு’ என்பதை வேடிக்கையாகச் சொன்னாலும் நம்பி வாங்குவோர் இருக்கிறார்கள். வேடிக்கை என்று வெளிப்படையாகத் தெரியும் மிகைக்கூற்றை இந்திய விளம்பரத் தர மன்றத்தின் நெறிகள் அனுமதிக்கின்றன. மெய்யென்று எடுத்துக்கொள்ளப்படக்கூடியதை அனுமதிப்பதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கறுத்த நிறத்தைக் கேலிக்கு எடுக்கும் எண்ணமிருந்தால் அதை இப்போதே கைவிடுங்கள்.

நடிப்பவர் சிரிக்கவே கூடாது. 2010இல் வெளிவந்த ஓல்டு ஸ்பைஸ் (ஆண்களுக்கான குளியல் திரவம்) விளம்பரத்தில், குளியலறையில் தொடங்கிக் குதிரை மீது முடியும்வரை நடிகரின் தோரணை மாறுவதே இல்லை. பின்னணிக்கு வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போன்ற குரலே என் தேர்வு. சிரிப்பொலியைச் சேர்த்தால் எல்லாம் கெட்டுவிடும். தொகுப்பதற்கு இன்ஷாட் செயலியே போதுமானது.

பிற்சேர்க்கை: மலைக்குப் பதிலாக வேலூர்க் கோட்டைச் சுவரில் எடுக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். படம்பிடிக்கவே அனுமதி பெற வேண்டும், சுவரில் எதையும் பூசும் பேச்சுக்கே இடமில்லை. வனத்துறை எல்லைக்குள் வராத பாறைதானா என்று விசாரித்துக்கொண்டு, களிம்புக்குப் பதிலாக நீர்த்த மைதாக் கூழைப் பயன்படுத்துங்கள். சுடுபாறையில் அது விரைவில் காய்ந்து உதிரும் என்பதால், அண்மைக் காட்சிகளைக் காலையிலேயே எடுத்துவிடுவது நல்லது.