போடிமெட்டு தாண்டி முகாம்: பள்ளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம், போடி, தேனிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு இரண்டு மூன்று நாள் முகாம் என்றால் கேரளத்தின் மூணாறு, சூரியநெல்லிப் பக்கம்தான் வசதி. ஜிப்லைன் (கம்பியில் தொங்கிச் சறுக்குவது), கயிற்றுப் பாலம் என்றதும் ஆசிரியர்களின் கவலையெல்லாம் அங்கே போய்விடுகிறது. பிள்ளைகள் அதிகம் சிரமப்படுவதோ பேருந்திலும், கூடாரத்திலும், ஈரக் காலுறையிலும்.

ஒரு பகல் மிச்சமாகும் என்று இரவில் கிளம்பாதீர்கள். 2022 அக்டோபரில் ஊட்டிக்குப் போன பள்ளிச் சுற்றுலாப் பேருந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே இரவில் அரசுப் பேருந்தின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். போடியிலிருந்து மூணாறு எழுபது கிலோமீட்டர் அளவுதான். விடிந்து புறப்பட்டாலே மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். பள்ளியின் சொந்தப் பேருந்து என்றால் கேரளத்துக்கான பெர்மிட்டும் வரி ரசீதும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும்.

மூணாறு போகும் வழியில் போடிமெட்டு மலை ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் பூரி கிழங்கு கொடுத்து ஏற்றினால் ஐந்தாவது வளைவிலேயே வாந்தி தொடங்கும். வெறும் வயிறும் ஆகாது. இரண்டு இட்லி, கொஞ்சம் தண்ணீர் போதும். வாந்தி மாத்திரை தேவைப்படும் பிள்ளைக்குப் பெற்றோர் எழுதிக் கொடுத்த அளவில், மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுங்கள். குமட்டல் வந்தபின் கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அந்தப் பிள்ளைகளை முன்பக்கம் உட்கார வையுங்கள். பின் சக்கரத்துக்கு அப்பால் இருக்கும் கடைசி சீட்தான் அதிகம் தூக்கிப் போடும்.

மாதம் பார்க்காமல் தேதி குறிப்பது பெரிய தவறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மண்சரிவு. பிப்ரவரிக்கு மேல் புல்வெளி காய்ந்து தீக்குக் காத்திருக்கும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் நடைபயணம் போனவர்கள் இருபதுக்கும் மேல் காட்டுத்தீயில் இறந்தது நம் போடிக்கு மேலேதான். வனத்துறை அனுமதி இல்லாத பாதையில், யார் உறுதி சொன்னாலும், பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

டிசம்பர், ஜனவரி நல்ல காலம். ஆனால் மூணாறில் இரவுக் குளிர் சில நாள் பூஜ்யம் டிகிரி வரை இறங்கும். மேலே இரண்டு கம்பளி போர்த்திவிட்டு அடியில் ஒன்றும் விரிக்காமல் படுக்க வைக்கிறார்கள். உடம்புச் சூட்டைத் தரைதான் உறிஞ்சும். அடியில் பாய், அதன்மேல் தடித்த விரிப்பு அவசியம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் மறுநாளும் காயாது. ஒரு நாளைக்கு இரண்டு ஜோடிக் காலுறை வையுங்கள். அதில் ஒன்று தூங்கும்போது மட்டும்.

ஜிப்லைனில் பயிற்சியாளர் பட்டை மாட்டிவிட்டார் என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு பிள்ளையையும் நீங்களும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இருக்க வேண்டும். பேண்ட் பெல்ட் போலக் கீழே இருந்தால், தலைகீழாகத் திரும்பும்போது பிள்ளை நழுவலாம். இறுக்கியபின் இரண்டு விரல் நுழையலாம். கை முழுதும் நுழைந்தால் தளர்வு. கொக்கியின் திருகைப் பூட்டியபின் அதன் வாயை உள்நோக்கி அழுத்துங்கள், திறக்கக் கூடாது. துப்பட்டாவைக் கழற்றிவிட்டு, கூந்தலைக் கொண்டை போட்டு ஹெல்மெட்டுக்குள் அடக்குங்கள். கப்பியில் முடி சிக்கினால் நடுவானில் எடுப்பது கொடுமை. ஓடும் கம்பியைக் கையால் பிடிக்கக் கூடாது என்பதை ஏறுவதற்கு முன் பிள்ளையே திருப்பிச் சொல்லட்டும். எடை குறைந்த பிள்ளை பாதியில் நின்றுவிடும். குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.

அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள். ஒட்டியிருக்கும் வாய்க்குப் பக்கத்தில் நகத்தை வைத்து மெல்ல நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கசிவு சற்று நேரம் நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

தலை எண்ணுவதை 'எல்லாரும் வந்தாச்சா' என்ற கேள்வியோடு முடிக்காதீர்கள். ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, ஒவ்வொரு இடம் மாறும்போதும் உரக்கச் சொல்ல வையுங்கள். ஆஸ்துமா, வலிப்பு உள்ள பிள்ளையின் மருந்து, கூடவே வரும் ஆசிரியரின் தோள்பையில் இருக்கட்டும். பேருந்தின் டிக்கியில் இருந்து பயனில்லை. பெண் பிள்ளைகளுக்கு நாப்கினும் அதைக் கேட்க ஒரு ஆசிரியையும் கட்டாயம்.

திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், முகாமுக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லும்படி பெற்றோருக்குத் தகவல் கொடுங்கள். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு இருந்தால் அது புதர்களில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். வலிக்காது என்பதால் பிள்ளைகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், பார்க்கச் சொல்லுங்கள்.